சரிதா, ஆட்டையாம்பட்டி

எருமப்பட்டி
18.8.2024

அன்புத் தம்பி கௌசிக்குக்கு அக்கா சௌந்திரம் எழுதுவது. இங்கே நானும் உன் மச்சானும் என் மாமியாரும் சுகம். அங்கே நீயும் மைதிலியும் சுகமா? பாப்பா பிரீத்திக்குச் சளி விட்டதா? தண்ணீரைக் காய்ச்சிக் கொடுக்கச் சொல். சொன்னால் மைதிலி கோபித்துக்கொள்வாள், இருந்தாலும் சொல்.

கையில் போன் இருக்க, இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போன் பேசுவது மேடையேறிப் பேசுகிற மாதிரி. அத்தைக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போடச் சொல்வார். பேசி முடித்த பிறகு நீ சொன்னதற்கும் விளக்கம் கேட்பார், சொல்லாமல் விட்டதற்கும் கேட்பார். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பொறுமை மட்டும் அவருக்குக் கிடையாது. அதனால்தான் கடிதம்.

விஷயம் என்னுடையதல்ல. இங்கே எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்குக் கல்யாணமாகி வெகுகாலமாகக் குழந்தை இல்லை. ஆறு வருடத்துக்கு முன்பு சேலத்தில் ஒரு குழந்தைப்பேறு ஆஸ்பத்திரிக்குப் போனாள். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரிடமும் எடுத்துக் கருவாக்கி, ஒன்றை வைத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. மிச்சம் மூன்று கருவைக் குளிரில் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். பிறகு கொரோனா வந்தது, மாமனார் படுக்கையில் விழுந்தார், வருடம் ஓடிவிட்டது. போன மாதம் திரும்பப் போனால் கதவில் அரசாங்க முத்திரை. பதிவு செய்யாமல் நடத்தினார்களாம்.

நீ வேலை பார்ப்பது அந்த மாதிரி ஆஸ்பத்திரிகளைப் பதிவு செய்து கண்காணிக்கிற ஆபீஸ்தானே? முத்திரை வைத்தவர்களுக்கு உள்ளே மூன்று உயிர் இருப்பது தெரியுமா? அவை என்ன ஆகும் என்று விசாரித்து எழுது. இங்கே சின்ன வெங்காயம் நட்டு முடித்தோம். மழைதான் ஏமாற்றுகிறது.

உன் நன்மையை நினைக்கும்
சௌந்திரம்

சென்னை
3.9.2024

மதிப்புக்குரிய அக்காவுக்கு, இங்கே மூவரும் நலம். பாப்பாவுக்குச் சளி விட்டது. தண்ணீர் விஷயம் சொன்னேன், நீங்கள் சொன்னபடியே கோபித்துக்கொண்டாள். மச்சானின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

அந்த ஆஸ்பத்திரியை எனக்கு நன்றாகத் தெரியும். சட்டம் வந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. பதிவு செய்யுங்கள், சிகிச்சைக்கு வருகிறவர்களின் அடையாளத்தைச் சரிபாருங்கள், கருவை வைக்கும் இடத்தை ஒழுங்காகப் பராமரியுங்கள் என்று எழுதி எழுதிக் கை ஓய்ந்தது. ஒரு பதில் இல்லை. ஆய்வுக்குப் போன அன்று, கரு வைத்திருக்கும் கலனுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கேரியரும் குடையும் இருந்தன. எங்களைக் கொடுமைக்காரர்கள் என்று நினைக்காதீர்கள்.

உங்கள் தோழி பயப்பட வேண்டாம். கலன் முழுவதையும் சேலத்திலேயே பதிவு பெற்ற வேறொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டோம். கணவனும் மனைவியும் ஆதாரோடும் பழைய ஆஸ்பத்திரி அட்டையோடும் போய் மனுக் கொடுத்தால் போதும். கஷ்டமே இல்லை. ஆனால் சட்டப்படி ஐம்பது வயது ஆகிவிட்டால் இந்தச் சிகிச்சை செய்ய முடியாது. அவருக்கு என்ன வயது?

அன்புடன்
கௌசிக்

எருமப்பட்டி
15.9.2024

அன்புத் தம்பிக்கு, இங்கே உடம்புக்கு யாருக்கும் குறையில்லை. மச்சானின் முதுகு மருந்து தடவினால் நிற்கிறது, தடவாவிட்டால் பேசுகிறது.

கஷ்டமே இல்லை என்று எழுதிவிட்டாய். அரசாங்க ஆபீஸில் இருக்கிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படித்தான் சரளமாக வருகிறதோ. கேள். அந்தப் பெண் அங்கே கொடுத்த பெயர் அவள் பெயரே இல்லை. சரிதா, கணவர் காளிதாஸ், ஊர் ஆட்டையாம்பட்டி. அட்டையிலும் அதுதான். கருவின் மேலும் அதுதான்.

ஏன் என்கிறாயா? குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஏறினது ஊருக்குத் தெரியக்கூடாதாம். பிறந்த வீட்டுக்குக்கூடத் தெரியக்கூடாதாம். முதல் நாள் பதிவு செய்கிற பெண் பெயர் கேட்டதும், கூடப்போன மாமியார் முந்திக்கொண்டார். ஆஸ்பத்திரி டிவியில் ஓடின தொடரில் மருமகளாக வருகிறவள் பெயர் சரிதா, அவள் புருஷன் காளிதாஸ். அதைச் சொல்லிவிட்டார். கையில் ஆட்டையாம்பட்டி முறுக்குப் பொட்டலம் இருந்ததால் ஊரும் அதுவே ஆயிற்று. அங்கே யாரும் ஆதார் கேட்கவில்லை. “சரிதா” என்று நர்ஸ் கூப்பிட்டால் இவள் பேசாமல் உட்கார்ந்திருப்பாளாம். மாமியார் தொடையில் கிள்ளினால்தான் எழுந்திருப்பாளாம். போகப் போகப் பழகிவிட்டது. புருஷனுக்குக் கடைசிவரை பழகவே இல்லை.

அவளும் பாவம் என்ன செய்வாள்? ஊரில் கேட்டால் தைராய்டுக்குச் சேலம் போகிறோம் என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது வெங்காயம் களையெடுக்கிற நேரம், உடனே புறப்படவும் முடியாது. இதற்கு என்ன வழி என்று எழுது. வயது நாற்பத்தொன்பது.

சௌந்திரம்

சென்னை
22.10.2024

அக்காவுக்கு, தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லாரும் நலம்தானே? இங்கே நலம்.

பொய்ப் பெயர் விஷயத்தில் எனக்கு வருகிற எரிச்சலை என்னவென்று எழுதுவது? அந்தக் கலனில் பெயர் இருக்கிற பல பேர் உலகத்திலேயே இல்லை. ஒவ்வொரு முகவரிக்கும் பதிவுத் தபால் போகிறது, போன வேகத்தில் திரும்புகிறது. ஆட்டையாம்பட்டிக்குப் போனதும் வந்துவிட்டது. இந்தப் பெயரில் ஊரில் உள்ளவர் பள்ளி மாணவி, அவர் வாங்க மறுத்தார் என்று உறைமேல் எழுதியிருக்கிறார்கள். குழந்தை வேண்டும் என்று ஊர் ஊராக அலைகிறார்கள், அந்தக் குழந்தைக்குத் தாய் யார் என்பதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள். நாளைக்கு ஒருவர் கரு இன்னொருவருக்குப் போனால் யார் பொறுப்பு? இதைத் தடுக்கத்தானே சட்டம்?

அந்தப் பெண்ணை நான் திட்டுவதாக நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அவர் நேரில் வந்து நான்தான் என்று சொன்னால் மேற்கொண்டு வழி இருக்கிறது. வேறொருவர் அவருக்காகச் சொல்ல முடியாது. உறவுக்காரர்கள்கூடச் சொல்ல முடியாது.

இதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கௌசிக்

எருமப்பட்டி
12.11.2024

தம்பிக்கு, தீபாவளிக்கு நீ வருவாய் என்று அதிரசம் சுட்டு வைத்தேன். வரவில்லை. வேலை என்றாய். சரி. பாப்பாவுக்கு அனுப்பின சட்டை அளவாக இருந்ததா?

நான் அந்தப் பெண்ணுக்குத் துணையாகச் சேலம் போய்விட்டு வந்தேன். புது ஆஸ்பத்திரியில் ஆபீஸுக்குப் போகச் சொன்னார்கள். ஆபீஸில் மாடிக்குப் போகச் சொன்னார்கள். மாடியில் இருந்தவர் சாப்பிடப் போயிருந்தார், சாப்பிட்டு வந்ததும் கீழே கேட்கச் சொன்னார். கடைசியில் ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்து, நீங்கள் சரிதாவா என்றாள். இல்லை, தெரிந்தவள் என்றேன்.

“தெரிஞ்சவங்களுக்கெல்லாம் எடுத்துக் குடுக்க இது ரேசன் கடைங்களா?” என்று கேட்டுவிட்டுக் குனிந்துகொண்டாள். கூட வந்த அந்தப் பெண் வாயையே திறக்கவில்லை. வாய் இருந்து என்ன பிரயோசனம் என்று அவள்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. பஸ்ஸில் வரும்போது ராசிபுரம் வரைக்கும் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

இன்னொன்று. அவள் நிஜமாகப் பிறந்தது ஐப்பசியில். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயது போதவில்லை என்று வாத்தியார் ஜூன் மாதத்தைப் போட்டுவிட்டார். அந்தக் காலத்தில் நம் பக்கம் எல்லாருமே ஜூனில்தான் பிறந்தோம், உனக்குத் தெரியாததா? அதனால் அவளுக்கு வரும் ஜூன் ஐந்தாம் தேதி ஐம்பது ஆகிவிடும். அதற்கு ஏதாவது செய்ய முடியுமா?

சௌந்திரம்

சென்னை
4.1.2025

அக்காவுக்கு, புத்தாண்டு வாழ்த்துகள். மைதிலிக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? நன்றாகத் தூங்குகிறீர்களா?

வயது விஷயத்தில் ஒன்றும் செய்ய முடியாது. சான்றிதழில் இருப்பதுதான் வயது.

உரிமை கோராத கருக்களைப் பற்றி எங்கள் ஆபீஸில் முடிவெடுத்துவிட்டார்கள். ஜனவரி முடிவதற்குள் யாரும் வராவிட்டால் அவற்றை அழித்துவிட உத்தரவு. ஆட்டையாம்பட்டிப் பெயரும் அதில் இருக்கிறது. உங்களிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண்ணிடம் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுங்கள், அக்கா. தயவுசெய்து படித்துக் காட்டுங்கள்.

கௌசிக்

எருமப்பட்டி
8.1.2025

கௌசிக், எல்லாரும் சுகம், எல்லாரும் சுகம். படித்துக் காட்டிவிட்டேன். அவள் படித்தாள். நான்தான் படித்தேன். நான்தான் அந்தப் பெண். போதுமா?

அழிக்கிறார்களாம். களை என்று நினைத்தார்களா? அந்த மூன்றுக்காக எத்தனை ஊசி போட்டுக்கொண்டேன் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை. வயிறெல்லாம் நீலம் பாரித்து, அதையும் மறைத்து, தைராய்டு என்று சிரித்துக்கொண்டே சந்தைக்குப் போனேன். இன்றைக்கு உன் ஆபீஸ், சரிதா எங்கே என்று கேட்கிறது. அவள் பிறக்கவே இல்லை. அவள் பிள்ளைகள் மட்டும் இருக்கின்றன.

எனக்கு எது பற்றிக்கொண்டு வருகிறது தெரியுமா? என் ஆதாரில் இருக்கிற பிறந்த தேதி பொய். வாத்தியார் போட்டது. அதை அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டு நம்பி, ஜூனோடு உன் கதை முடிந்தது என்கிறது. அங்கே சரிதா என்ற பெயரில் இருப்பது என் நிஜப் பிள்ளைகள். அதை நம்பமாட்டேன் என்கிறது. நம்புகிற பொய் எது, நம்பாத பொய் எது என்று பிரித்துக் காட்ட உங்கள் சட்டத்தில் ஒரு பக்கம் ஒதுக்கக்கூடாதா?

மச்சானிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். வரப்பில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். பிறகு, “உந்தம்பிகிட்டச் சொல்லீரு சௌந்திரம். நாம போய் நிக்கலாம்” என்றார். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை. எனக்கு அந்த மூன்றும் வேண்டும். என்ன செய்ய வேண்டுமோ சொல், செய்கிறேன்.

அக்கா

சென்னை
11.1.2025

அன்பு அக்காவுக்கு, உங்கள் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பியிருந்தீர்கள், நானும் அப்படியே அனுப்புகிறேன்.

எனக்குத் தெரியும். உங்கள் இரண்டாவது கடிதத்திலேயே தெரியும். அவளுக்கும் வெங்காயம் களையெடுக்க வேண்டும், அவள் மாமனாரும் கொரோனாவுக்குப் பிறகு படுக்கையில் விழுந்தார், அவள் மாமியாரும் பஸ்ஸில் ஏறியதும் முறுக்கு வாங்குவார். நான் என்ன குழந்தையா? மறுநாளே கண்காணிப்பாளரிடம் போய், இதில் என் உறவினர் இருக்கலாம், இந்தக் கோப்பை வேறொருவரிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அதை நான் தொடவில்லை. தொட்டால் உங்களுக்குத்தான் கெடுதல்.

ஏன் கேட்கவில்லை என்பீர்கள். கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பீர்கள். ஒருமுறை இல்லை என்று சொல்லிவிட்டால் பிறகு உயிர் போனாலும் நீங்கள் மாற்றிச் சொல்லமாட்டீர்கள். அதற்குப் பயந்தேன். தீபாவளிக்கு வராததும் அதனால்தான். உங்கள் முகத்தைப் பார்த்தால் கேட்டுவிடுவேன்.

இனிச் செய்ய வேண்டியது. நீங்களும் மச்சானும் உடனே சேலம் போய் உரிமை கோரி மனுக் கொடுங்கள், அழிப்பது நிற்கும். கைதான பழைய ஆஸ்பத்திரி டாக்டர் ஜாமீனில் வந்திருக்கிறார், அவர் உங்களை அடையாளம் காட்டி எழுதித் தர வேண்டும். பொய்ப் பெயர் கொடுத்த சூழ்நிலையை நேரில் அறிந்த ஒருவர் நோட்டரி முன்னால் உறுதிமொழி கொடுக்க வேண்டும். அது அத்தைதான், வேறு யாரும் இல்லை. கடைசியாக, உங்கள் மாவட்டப் பதிப்பு நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். அதைத் தவிர்க்க முடியுமா என்று பலமுறை கேட்டுப் பார்த்தேன். முடியாதாம்.

கௌசிக்

எருமப்பட்டி
9.3.2025

தம்பிக்கு, உடம்பு சுகம். மனசைக் கேட்காதே.

முதலில் உன்னிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். தெரிந்துகொண்டே நாலு மாதம் சும்மா இருந்தாயே, உனக்கு நெஞ்சு என்ன கல்லா? ஆமாம், கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் நீ கேட்டிருக்க வேண்டும். இரண்டாவது தடவையும் கேட்டிருக்க வேண்டும். கூடப் பிறந்தது அதற்குத்தானே.

நானும் மச்சானும் அப்போதே சேலம் போய் மனுக் கொடுத்துவிட்டோம். அத்தையிடம் விஷயத்தைச் சொன்ன அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றார். நாமக்கல்லில் நோட்டரி கேட்டதற்கெல்லாம் தெளிவாகச் சொன்னார். டிவித் தொடர், முறுக்குப் பொட்டலம் எல்லாம். இதெல்லாம் எழுத வேண்டியதில்லை அம்மா என்று அவர் சொல்லியும் விடவில்லை. “எழுதுங்க சாமி. பாதி மறைச்சுத்தானுங்க இத்தன வெனையும்” என்றார். டாக்டரும் எழுதிக் கொடுத்துவிட்டார், நல்ல வேளையாக அவருக்கு என்னை நினைவிருந்தது.

விளம்பரம் போன வாரம் வந்தது. சரிதா என்கிற சௌந்திரம், கணவர் காளிதாஸ் என்கிற சென்னிமலை, எருமப்பட்டி, மேற்படி கருக்களுக்கு உரிமை கோருகிறார், ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று கொட்டை எழுத்தில். என் வயிற்றில் வர வேண்டியதற்கு ஊர் ஆட்சேபணை தெரிவிக்கலாமாம். ஆறு வருடம் பூட்டிப் பூட்டி வைத்ததை உன் அரசாங்கம் ஒரே காலையில் டீக்கடை பெஞ்சில் விரித்துப் போட்டுவிட்டது. அத்தை உன் மச்சானை விடியற்காலையில் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்பி, இருக்கிற பேப்பரையெல்லாம் வாங்கிவரச் சொன்னார். வாங்கி வந்தார். சலூன் கடைப் பேப்பரை எப்படி வாங்குவது? பொழுது ஏறுவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. வாங்கின பேப்பரெல்லாம் இப்போது வெங்காயத்துக்கு அடியில் கிடக்கிறது.

ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. பக்கத்துத் தோட்டத்து ரஞ்சனிதான் வந்தாள். என்னைச் சீண்டத்தான் வந்திருக்கிறாள் என்று முறைத்தபடியே காப்பி கொடுத்தேன். அவள் காப்பியைக் குடிக்காமல், நோட்டரியின் விலாசம் கேட்டாள். அவளும் அதே கலனில் இருக்கிறாளாம், எடப்பாடி பிரேமா என்ற பெயரில். ஜனவரி கடைசியில் மனுவை மட்டும் கொடுத்து வைத்திருக்கிறாளாம். ஒரே பஸ்ஸில் போயிருப்போம் போல. எனக்குச் சிரிப்பும் வந்தது, தலையில் அடித்துக்கொள்ளவும் தோன்றியது.

ஜூனுக்கு அதிக நாள் இல்லை. உத்தரவு எப்போது வரும்?

சௌந்திரம்

சென்னை
25.4.2025

அக்காவுக்கு, நலம்தானே? உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, சேலத்துக்கு நேற்றே போயிற்று. உங்கள் பெயரில், உங்கள் ஊரில். இவ்வளவு தாமதமானதற்கு ஒரு மேசையில் கையெழுத்து விட்டுப்போனது காரணம். அந்த மேசைக்காரரிடம் நான் பேசிய பேச்சுக்கு எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும்.

உடனே புறப்படுங்கள். தேதி கிடைத்ததும் எழுதுங்கள். இந்தத் தடவை நான் கேட்டுக்கொண்டே இருப்பேன்.

கௌசிக்

எருமப்பட்டி
29.5.2025

அன்புத் தம்பி கௌசிக்குக்கு, இங்கே எல்லாரும் சுகம். அங்கே உங்கள் எல்லாருடைய சுகத்துக்கும் எழுது. விளக்கத்துக்குப் பதில் கொடுத்துவிட்டாயா? தலையைக் குனிந்து எழுது, வேலை முக்கியம்.

முந்தாநாள் சேலம் போனோம். மூன்றையும் குளிரிலிருந்து எடுத்துப் பார்த்ததில் ஒன்றுதான் பிழைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இரண்டு போய்விட்டது. அந்த டாக்டரம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், கோபப்பட ஆள் கிடைக்கவில்லை. அத்தையா, வாத்தியாரா, டாக்டரா, உன் ஆபீஸா, நீயா, நானா? யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. இருக்கிற ஒன்றை வையுங்கள் என்றேன்.

வெளியே காத்திருக்கச் சொன்னார்கள். கூடம் நிறையப் பெண்கள். எருமப்பட்டிக்காரர்களே இரண்டு பேர் எதிரில் இருந்தார்கள், முந்தானையை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டு. மச்சான் நின்றுகொண்டே இருந்தார், அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டாள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். யாரோ ஒருத்தி வாய் செத்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நானும் சுற்றிப் பார்த்தேன்.

காது மந்தமான அத்தையின் கை என் தொடைமேல் வந்தது. கிள்ளப்போகிறார் என்று ஒதுங்கினேன். கிள்ளவில்லை. அப்படியே வைத்துக்கொண்டு, கூடமே கேட்கும்படி சொன்னார்.

“சௌந்திரம்னு உன்னையத்தான் கூப்புடறாங்க சாமி. எந்திரி.”

எழுந்து போனேன்.

உன் அக்கா
சௌந்திரம்